ஹாஃப் கிளட்ச் அக்காவின் காரும் தம்பியின் லேப்டாப்பும்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. லைசென்ஸிலும் வங்கிப் புத்தகத்திலும் மட்டும்தான் அது இருக்கிறது. ஊருக்கு அவள் ஹாஃப் கிளட்ச் அக்கா. பத்தொன்பது வருஷமாக, கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, கிளட்ச்சைப் பாதியில் பிடிக்கவைக்க "ஹாஃப் கிளட்ச்... ஹாஃப் கிளட்ச்... ம், இப்ப விடுங்க" என்று சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்ட பட்டம். அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த வேலைக்கு அவள் வந்ததே தற்செயல். டிரைவிங் ஸ்கூலில் போன் எடுக்கத்தான் முதலில் சேர்ந்தாள். ஒரு நாள் பயிற்சியாளர் முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு, சாவியை மேஜையில் விட்டெறிந்துவிட்டுப் போய்விட்டார். வெளியே காரில் பாடத்துக்கு வந்த ஒருவர் சீட் பெல்ட் போட்டு, திருதிருவென்று விழித்தபடி உட்கார்ந்திருந்தார். "நான் கூட வரேன் சார்" என்று, ஏற்கனவே ஓட்டத் தெரிந்த இவள் போய் ஏறிக்கொண்டாள். அன்று அந்த மனிதர் ஒரு பஸ்ஸின் பின்பக்கத்தை முத்தமிடப் போனார். இவள் கத்தவில்லை. தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிட்டு, "பஸ் நகரட்டும், நமக்கென்ன அவசரம்" என்றாள். கத்தாத பயிற்சியாளர் இருக்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சானது. நான்கு வருஷத்தில் முதலாளி கடையை அவளிடமே கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கப் போனார்.

சலவைக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே ஓர் அறை, சுவரில் சாலைக் குறியீடுகளின் படம், வாசலில் சாம்பல் நிற டீசல் கார். அந்தக் கார்தான் அவள் உலகம். ஒரே கார், இரண்டு பேருக்கும் தனித்தனி கிளட்ச், தனித்தனி பிரேக்.

அந்தக் காரின் மேல்தான் தம்பிக்குக் கண்.

தம்பி பெரிய சர்வீஸ் சென்டரில் பத்து வருஷம் வேலை பார்த்தவன். கெட்டிக்காரன், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். அங்கிருந்து விலகி, பைபாஸ் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, எஞ்சின் டியூனிங் தொடங்கியிருந்தான். ஸ்பேனரைவிட லேப்டாப்தான் அவனுக்கு ஆயுதம்.

"கம்பெனிக்காரன் எல்லா நாட்டுக்கும், எல்லா டீசலுக்கும், எல்லா ஆளுக்கும் சேர்த்து ஒரே கணக்கா எஞ்சினோட மூளையில எழுதி வெச்சிருக்கான் அக்கா. எவ்வளவு டீசல், எப்ப தெளிக்கணும், டர்போ எவ்வளவு காத்து தள்ளணும்னு. நான் அதை இந்த வண்டிக்குன்னு கொஞ்சம் திருத்தி எழுதறேன். பவரும் கூடும், மைலேஜும் கூடும்."

"ரெண்டும் கூடுமா? கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறப்ப மாப்பிள்ளையைப் பத்தி சொல்ற மாதிரியே சொல்றியேடா."

"உன் வண்டியைக் குடு, காட்டறேன். ஊர்ல பாதிப் பேரு அந்த வண்டியிலதான் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. அது நல்லா ஓடினா எனக்கு வேற விளம்பரமே வேண்டாம்."

தம்பி கேட்டு இல்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் நிபந்தனை போட்டாள். டியூனிங்குக்கு முன்னால் மூன்று வாரம், பின்னால் மூன்று வாரம், அவளே அளப்பாள். ஒரே பங்க், ஒரே பம்ப், ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் டேங்க் நிரம்பும்வரை டீசல். டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்பமாட்டாள். காலையில் வகுப்பு தொடங்குமுன் ஏரிக்கரைச் சாலையில் அவள் தனியாக ஓட்டும் ஓட்டம்தான் கணக்கு. முதல் மூன்று வாரத்தில் லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் வந்தது.

பிறகு ஒரு மத்தியானம் தம்பி ஸ்டியரிங்குக்குக் கீழே வயரைச் செருகினான். கம்பெனி கொடுத்த பழைய கணக்கை முதலில் பத்திரமாகச் சேமித்தான். முக்கால் மணி நேரம் தட்டிக்கொண்டிருந்தான். வண்டி எப்படி ஓடுகிறது என்று பதிவுசெய்ய விரல் அகலத்தில் ஒரு கருவியையும் சொருகிவிட்டு, "இப்ப எடு" என்றான்.

பைபாஸ் மேம்பாலம் அவள் கார் வழக்கமாக முக்கி முனகி மூன்றாம் கியரில் ஏறும் இடம். அன்று நான்காம் கியரில், பெருமூச்சுகூட விடாமல் ஏறியது. உச்சியில் போகும்போது அவள் வாய்விட்டுச் சிரித்தேவிட்டாள். நாற்பத்தாறு வயதில், தன் சொந்தக் காரில், யாரோ பின்னாலிருந்து செல்லமாகத் தள்ளிவிட்டதுபோல் இருந்தது.

முதல் வாரக் கணக்கில் லிட்டருக்குப் பத்தொன்பது. தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வாரம் முடியட்டும் என்று அவள் சொன்னது காதில் ஏறவே இல்லை. மறுநாளே கொட்டகை வாசலில் அவள் காரின் படத்தோடு பெரிய போர்டு வைத்துவிட்டான்: "பவரும் கூடும்! மைலேஜும் கூடும்! சாட்சி: ஹாஃப் கிளட்ச் அக்கா!"

இரண்டாம் வாரம் அவள் கணவர் காரை எடுத்துக்கொண்டு போனார். நூலகத்தில் வேலை. புத்தகத்தின் பக்கத்தைக்கூடச் சத்தம் வராமல் திருப்பும் மனிதர். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, கன்னம் சிவந்து, முடி கலைந்து, திருவிழாவுக்குப் போய்வந்த பிள்ளைபோல் இருந்தார். அவள் டேங்கை நிரப்பிக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். லிட்டருக்குப் பதினைந்து.

"என்னங்க இது?"

"எதிர்காத்து" என்றார் அவர், பார்வையைச் செய்தித்தாளிலிருந்து எடுக்காமல்.

"போறப்பவுமா, வர்றப்பவுமா?"

அவர் பக்கத்தைத் திருப்பினார். இந்த முறை சத்தம் கேட்டது.

வகுப்புகளில்தான் தலைவலி. புதிதாகக் கற்பவர்களின் கால் கனமானது. பயத்தில் கொஞ்சம் அதிகமாகவே மிதிப்பார்கள். முன்பு கார் அதைப் பொறுத்துக்கொண்டது. இப்போது தொட்டால் பாய்ந்தது. அவள் பக்கத்து பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியவில்லை.

அப்போது அவளிடம் படித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் தையல்காரம்மா. வயது ஐம்பத்தெட்டு. கணவர் இறந்தபிறகு வீட்டில் சும்மா நின்ற காரை விற்க மனமில்லாமல், தானே ஓட்டிப் பார்த்துவிடுவது என்று வந்தவர். தையல் மிஷின் மிதித்துப் பழகிய கால் என்பதால் அவருக்கு பெடல் சட்டென்று பிடிபட்டது. கார் பாயத் தொடங்கியதும் அவர்தான் முதலில் கண்டுபிடித்தார்.

"ஏம்மா, வண்டிக்கு என்ன பண்ணினீங்க? என் மிஷினுக்கு மோட்டார் மாட்டின முதல் நாள் இப்படித்தான் இருந்துச்சு. அன்னிக்கு சட்டையோட சேத்து என் விரலையும் தச்சிக்கிட்டேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. பழைய கணக்கைத் திரும்ப எழுதிவிடச் சொல்லலாமா என்று யோசித்தாள். தம்பியின் போர்டு கண்முன் வந்தது. மூன்று வாரம் முடியட்டும் என்று விட்டுவிட்டாள்.

மூன்றாம் வாரம் புதன்கிழமை தையல்காரம்மாவுக்கு லைசென்ஸ் டெஸ்ட். எட்டு போட்டார், பின்னால் எடுத்தார், எல்லாம் அழகாக. கடைசியாக மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்கவேண்டும். பக்கத்தில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். தையல்காரம்மா ஹாஃப் கிளட்ச்சுக்கு வந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். எஞ்சின் அலறியது. கார் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தார். அலறல் கூடியது, பானெட்டுக்கு அடியிலிருந்து கருகிய நாற்றம் வந்தது, கார் மெல்லப் பின்னால் உருண்டது. இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

"வண்டியைச் சரி பண்ணிட்டு அடுத்த வாரம் வாங்கம்மா. உங்க மேல தப்பில்ல."

ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பத்தொன்பது வருஷத்தில் அவள் ஆட்கள் தோற்றிருக்கிறார்கள். அவள் கார் தோற்றதில்லை. தையல்காரம்மாதான் அவள் தோளைத் தட்டி, "ஊசி உடைஞ்சா மாத்திட்டுத் தைக்கறதுதான், இதுக்குப் போயா" என்றார்.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார்கள். தம்பி கியர் பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட்டை வெளியே எடுத்தான். தேய்ந்து ஆணித்தலைகள் தெரிந்தன.

"இது எப்பவோ போகவேண்டியது அக்கா. ஊரே மிதிச்ச கிளட்ச். டியூனிங் மேல பழி போடாதே."

"எப்பவோ போகவேண்டியது இன்னிக்கு ஏன்டா போச்சு?"

அவன் பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சொல்லு. வயரைச் சொருகறதுக்கு முன்னாடி கிளட்ச்சைப் பாத்தியா?"

"இல்ல" என்றான். பிறகு அவனே சொல்லத் தொடங்கினான், வாய் நீளத்தையெல்லாம் சுருக்கிக்கொண்டு. எஞ்சினின் இழுவையை அவன் கால்பங்கு கூட்டியிருந்தான். எஞ்சின் அதைத் தாங்கும். ஆனால் அந்த இழுவை சக்கரத்துக்குப் போகவேண்டிய வழி கிளட்ச்தான். பழைய இழுவைக்கு இன்னும் சில மாதம் தாக்குப்பிடித்திருக்கக்கூடிய பிளேட், புது இழுவைக்கு வழுக்கத் தொடங்கி, வழுக்கிய சூட்டிலேயே தீய்ந்துவிட்டது.

"அப்ப மைலேஜ்?"

பதிவுக் கருவியைக் கழற்றி லேப்டாப்பில் போட்டான். ஆக்ஸிலரேட்டரை எப்போது எவ்வளவு மிதித்தார்கள் என்பது படமாக வந்தது. அவள் காலையில் ஓட்டிய ஓட்டங்கள் திரையில் ஏரித் தண்ணீர்போல் மெல்லிய கோடாக ஓடின. வகுப்புகள் ரம்பப் பல். ஞாயிற்றுக்கிழமை வந்ததும் இருவரும் திரைக்குக் கிட்டே குனிந்தார்கள். திரை முழுக்க மலைத்தொடர்.

"மாமாவா இது?" என்றான் தம்பி. "நூலகத்துல வேலை பாக்கறவரா?"

அவ்வளவு கோபத்திலும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தம்பியும் சிரித்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "நீ எழுதினதுல தப்பில்லடா. மெதுவா மிதிச்சா மிச்சமாகுது. ஆனா பவர் இருக்குன்னு தெரிஞ்சா எவன் மெதுவா மிதிப்பான்? மிச்சமாகறதைக் காலே தின்னுடுது. அதைச் சொல்லாம போர்டு வெச்ச பாரு, அதுதான் தப்பு. என் பேரைப் போட்டு வேற."

புது கிளட்ச் போட்டு, சேமித்து வைத்திருந்த கம்பெனிக் கணக்கையே திரும்ப எழுதச் சொன்னாள். கற்றுக்கொடுக்கிற வண்டி எருமை மாதிரி இருக்கவேண்டும், யார் ஏறினாலும் அசைந்து கொடுக்கக்கூடாது என்பது அவள் கட்சி. போர்டையும் கழற்றச் சொன்னாள். தம்பிக்கு அதுதான் வலித்தது. ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அதே வாரத்தில் தையல்காரம்மா அதே மேட்டில், அதே இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார, ஓர் அங்குலம்கூடப் பின்னால் உருளாமல் எடுத்து, லைசென்ஸ் வாங்கினார்.

எட்டாம் நாள் தம்பி அவள் கடைக்கு வந்தான். கையில் ஒரு தாள். புது போர்டுக்கு எழுதியிருந்தான்: "முதலில் கிளட்ச், ஆயில், டர்போ பார்க்கப்படும். சரியில்லாத வண்டிக்கு டியூனிங் கிடையாது. மைலேஜ் உங்கள் காலைப் பொறுத்தது. புது வண்டியானால் வாரண்டி போகலாம், கேட்டுவிட்டு வாருங்கள்."

"இதைப் பாத்தா எவன் வருவான்?" என்றான்.

"வரவேண்டியவன் வருவான்."

முதல் இரண்டு மாதம் கொட்டகையில் ஈ ஓட்டினான். மூன்றாம் மாதம் ஒரு கால்நடை மருத்துவர் வந்தார். தினமும் நூறு கிலோமீட்டர், மாட்டுக்கு மருந்து கொடுக்கிற அதே பொறுமையோடு கார் ஓட்டுகிறவர். சோதித்ததில் வண்டியின் எல்லாப் பாகமும் நன்றாக இருந்தது. எழுதிக்கொடுத்தான். ஆயிலைச் சொன்னதைவிடச் சீக்கிரம் மாற்றுங்கள் என்றான். லிட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் கூடியது. ஒரு வருஷத்தில் ஒரு போல்ட்கூடத் தளரவில்லை. அவர் போகிற தொழுவமெல்லாம் தம்பியின் பெயரைச் சொன்னார். பிறகு அவன் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டான். டியூனிங் முடிந்த வண்டியை ஓட்டிப் போகுமுன், வந்தவர் அக்காவோடு அரைமணி நேரம் ஓட்டிக் காட்டவேண்டும். பத்துப் பதினைந்து வருஷமாக ஓட்டுகிற ஆண்கள், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து உட்காருவார்கள். இறங்கும்போது பெரும்பாலும் சிரித்துக்கொண்டுதான் இறங்குவார்கள்.

போன மாதம் அவள் கணவர் நூலகத்துக்கு லீவு போட்டுவிட்டு, மைத்துனனிடம் தனியாகப் போய் ரகசியமாகக் கேட்டாராம்: "ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் அந்தக் கணக்கை மாத்திக் குடுக்கமுடியுமா?"

தம்பி அவரைக் கொட்டகையில் உட்காரவைத்துவிட்டு, அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னான். அவள் வகுப்பில் இருந்தாள். ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது:

"முதல்ல நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ஏரிக்கரைக்கு வரச்சொல்லு. பக்கத்துல நான் உக்காரறேன். எதிர்காத்து எங்கேயிருந்து வருதுன்னு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்."

அவர் ஐந்தரை மணிக்கே போய் நின்றார்.