கோபப்பட்டால் கொழுப்பு கரையும்

ஆராய்ச்சி நிலையத்தின் செய்தி அதிகாரிக்கு எல்லோரும் வைத்த பெயர் ‘தலைப்பு’. முன்பு பத்திரிகையில் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தவர். கடுகைக் கொடுத்தால் மலையாக்கித் தருவார். பிறகு அந்த மலைக்கு ஒரு பெயரும் வைப்பார்.

ஒருநாள் ஆய்வாளர் அம்மா ஒருவர் வந்து தன் வேலையை விளக்கினார். கொழுப்புச் செல்லின் சவ்வில் துளி மின்சாரம் இருக்கிறது. முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் அதை அளக்கலாம். செல் இருக்கும் கிண்ணத்தில் அட்ரினலின் ஹார்மோனை விட்டால் அந்த அளவு கொஞ்சம் மாறுகிறது. அவ்வளவுதான்.

“அட்ரினலின்னா கோவம் வந்தா ஊறுமே, அதுதானே?”

“பயந்தாலும் ஊறும், ஓடினாலும் ஊறும்.”

“கொழுப்பு கரையுமா மேடம்?”

“நாங்க அதைப் பார்க்கவே இல்ல சார். மின்சாரத்தை மட்டும்தான் அளந்தோம்.”

“கரையாதுன்னும் சொல்லலையே?”

மறுநாள் தலைப்பு எழுதி அனுப்பிய செய்தி பத்திரிகையில் வந்தது; ஊர் முழுக்க அதே பேச்சு: ‘கோபப்படுங்கள், கொழுப்பு கரையும்!’ நிலைய இயக்குநர் தலைப்பின் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஆய்வாளர் அம்மா மட்டும் அவர் அறைக்குள் புகுந்து, “நான் எப்ப சார் அப்படிச் சொன்னேன்?” என்று கத்தினார்.

“கத்துங்க மேடம், உடம்புக்கு நல்லது” என்றார் தலைப்பு, நாற்காலியில் சாய்ந்து சிரித்தபடி.

அந்தச் சிரிப்பு வீட்டு வாசல்வரைதான் வந்தது. அவர் மனைவி கல்யாணமான நாளிலிருந்து கோபத்தை மென்று விழுங்கியே பழகியவர். தலைப்பு ஈரத்துண்டைக் கட்டிலில் எறிந்தால் வாய் திறக்காமல் எடுத்துக் காயப்போடுவார். அன்று இடுப்பில் கைவைத்து நின்றார்.

“இதை யாரு எடுப்பா, உங்க மாமனாரா?”

“ஏய், என்னாச்சு உனக்கு?”

“விஞ்ஞானம்ங்க! நீங்கதானே எழுதியிருக்கீங்க?”

துண்டில் பிடித்த தீ, மனைவியின் தங்கை கல்யாணத்தில் தலைப்பு முறைத்துக்கொண்டு போனதுவரை பரவியது.

ஆய்வாளர் அம்மா விடவில்லை. மறுப்பு வெளியிட வைத்தார். எழுதியவர் தலைப்புதான், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், கடைசிப் பக்க மூலையில். ஊரில் யாரும் படிக்கவில்லை. வேறு வழியில்லாமல் மனைவியின் முன்னால் அதை விரித்துவைத்தார்.

“பாரும்மா, கோவத்துக்கும் எடைக்கும் சம்பந்தமே இல்லையாம்.”

“இதையும் நீங்கதானே எழுதினீங்க? அப்ப எது பொய்?”

எதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வார் என்று அவருக்கே தெரிந்தது. தாளை மடித்து எடுத்துக்கொண்டார்.

மனைவிக்குத் துளியும் எடை குறையவில்லை. ஆனால் தினமும் கத்தித் தீர்த்ததில் படுத்ததும் தூக்கம் வந்தது. அதை விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை. சாப்பாட்டு மேசையில் நிம்மதியாக உட்கார முடியாமல் தலைப்புதான் பாதியாக இளைத்தார்.

“என்ன சார், இளைச்சுட்டீங்க?” என்று ஆய்வாளர் அம்மா மாடிப்படியில் கேட்டார்.

“வேலை அதிகம் மேடம்” என்றார்.