பிடி மேலே, பிடி கீழே

என் பேரன் போன மாதம் தன் ஜீப்பில் இரண்டாவது பேட்டரி வைத்தான். காடு மேடெல்லாம் வண்டியை ஏற்றிக் கூடாரம் அடித்துத் தங்குகிற கூட்டத்தில் அவனும் சேர்ந்திருக்கிறான். போகிற இடத்திலும் தண்ணீர் குளிர்ச்சியாக வேண்டுமாம். அதற்கு வண்டிக்குள் ஒரு குட்டி ஃபிரிட்ஜ், அந்த ஃபிரிட்ஜுக்குத் தனியாக ஒரு பேட்டரி. இரண்டு பையன்கள் வீட்டு வாசலுக்கே வந்து வேலை பார்த்தார்கள். கழற்றிய திருகாணிகளை நான் எண்ணி வைத்திருந்தேன். பதினான்கு. திரும்ப மாட்டியது பன்னிரண்டு. கேட்டால், "அது எக்ஸ்ட்ரா, தாத்தா" என்கிறான் பேரன். கழற்றும்போது எக்ஸ்ட்ராவாக இல்லாதது மாட்டும்போது எப்படி எக்ஸ்ட்ரா ஆகும்? இந்த வீட்டில் என் கேள்விகளுக்குப் பதில் வருவது நின்று வெகுகாலம் ஆகிறது.

இரண்டு பேட்டரிக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்தார்கள். "இன்ஜின் ஓடுனா இது ரெண்டையும் சேத்துரும், நின்னா அதுவே பிரிச்சிரும். நாம கையே வைக்க வேண்டாம்" என்றான் பேரன். கை வைத்தால்தான் சேரும், கை வைத்தால்தான் பிரியும் என்றிருந்த ஒரு ஜீப்பை எனக்குத் தெரியும். அதில் இரண்டாவது பேட்டரியை வைத்தவர் என் தாய்மாமா. அப்போது எனக்குப் பத்து வயது.

எங்கள் ஊர் சாத்தான்குளத்துக்குத் தெற்கே, பெரியதாழைக்குப் போகிற வழியில், தேரிக்கு நடுவில் இருந்தது. தேரி என்றால் செம்மணல் மேடு. தார் ரோட்டிலிருந்து ஊருக்கு இரண்டரை மைல். அவ்வளவும் கணுக்கால் புதையும் மணல். மாட்டு வண்டியே பெருமூச்சு விட்டுக்கொண்டுதான் வரும். பட்டாளத்தில் மெக்கானிக்காக இருந்து திரும்பிய மாமா, ராணுவம் கழித்துப்போட்ட ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்தார். நாலு சக்கரமும் இழுக்கும் அந்த ஒரு வண்டிதான் மணலை மதிக்காமல் ஊருக்குள் நுழைந்தது. பிரசவத்துக்கும் அதுதான், பிஷப் வருகைக்கும் அதுதான்.

என் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது மாமா ஒரு வாக்குக் கொடுத்தார். மின்சாரம் வராத எங்கள் ஊரில், கல்யாண நாள் முழுக்க மைக் செட் பாடும். அன்று சாயங்காலமே அதே ஜீப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தூத்துக்குடியில் ரயிலேற்றும். ஒரே பேட்டரியில் இரண்டும் நடக்காது என்பதால் பழைய லாரி பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்தார்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளி இறுதி வகுப்பில் நல்ல மார்க் வாங்கி, நாசரேத்தில் ஆசிரியப் பயிற்சிக்கு இடமும் கிடைத்திருந்தது. பெட்டிகூட அடுக்கிவிட்டாள். அதற்குள் நாக்பூரில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த ஒருவரின் சம்பந்தம் வந்தது. அவருக்கு முதல் மனைவி தவறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அக்காவைவிடப் பதினேழு வயது மூத்தவர். எங்கள் ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்த அப்பா, ஊர்ப் பெண்கள் அத்தனை பேரையும் படிக்க வையுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லுவார். சொந்த வீட்டில், "வாத்திச்சி வேலை எப்பவும் கெடைக்கும், கவர்மெண்டு மாப்பிள்ளை எப்பவும் கெடைக்க மாட்டான்" என்று சொல்லி முடித்துவிட்டார். அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டாள். சரியாகிவிட்டது என்று எல்லோரும் நிம்மதி அடைந்தோம்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டு முற்றத்தில் பேட்டரி வேலை நடந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தேக்குப் பலகையில் ஒரு பெட்டி அடித்து, அது ஆடாமலிருக்க இரும்புப் பட்டை போட்டு, அதற்குள் இரண்டாவது பேட்டரியை இறக்கினார் மாமா. துறைமுகத்துப் பழைய சாமான் கடையில் வாங்கிய கட்டை விரல் தடிமன் செம்புக் கம்பியால் இரண்டு பேட்டரியையும் இணைத்தார். அந்தக் கம்பிக்கு நடுவில், டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு பிடி போட்ட சுவிட்சு. உப்புக்காற்றில் செம்பு பூத்துவிடும் என்று அதன்மேல் பிடி வரைக்கும் கிரீஸை அப்பினார். டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த இருட்டில் அவருக்குக் கண் தெரியவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் சாய்த்து, வெளிச்சத்தை அவர் கைமேல் விழச் செய்துகொண்டு முழுக்காலையும் நின்றவள் அக்காதான்.

வேலை முடிந்ததும் மாமா எங்கள் இருவரையும் நிறுத்திப் பாடம் ஒப்பிக்க வைத்தார்.

"இன்ஜின் ஓடுனா?"

"பிடி கீழே. ரெண்டு பேட்டரியும் சார்ஜ் ஏறும்" என்றேன் நான்.

"இன்ஜின் நின்னா?"

"பிடி மேலே. மைக் செட்டு ரெண்டாவது பேட்டரியை மட்டும் குடிக்கும். மொதல் பேட்டரி ஜீப்பைக் கெளப்ப."

"நீ பொழச்சிக்குவலே" என்றார் மாமா.

அக்கா கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "நின்னப்புறமும் பிடி கீழயே இருந்தா, மாமா?"

"பாட்டு ரெண்டையும் குடிச்சிரும். அதுக்குப் பொறவு இது ஜீப்பு இல்ல மக்களே, கல்லு. நம்ம தேரியில தள்ளி எடுக்கவும் முடியாது."

அக்காவை அவர் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார். அக்கா தலையை ஆட்டிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து உள்ளே கொண்டுபோய் மாட்டினாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கோவிலிலிருந்து வீட்டுக்கு ஜீப்பில் ஊர்வலம். பனைமரத்தின் உச்சியில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் ஊரையே அதட்டிக்கொண்டிருந்தது. கீர்த்தனை தவிர வேறு எதுவும் பாடக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டதால் எங்களிடம் இருந்தது ஏழே இசைத்தட்டுகள். ஜீப்பை உடைமரத்தடியில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பிடியை மேலே தள்ளிவிட்டு, மாமா பந்தி பரிமாறப் போனார். இசைத்தட்டு மாற்றும் உத்தியோகம் எனக்கு. ஜீப்பின் பின்பக்கத்தில் ஆம்ப்ளிஃபயரோடு உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் பந்தி. பெண்கள் பந்திக்கு வெகுநேரம் இருந்தது. வீட்டுக்குள் அடுப்புப் புகை. வெள்ளைப் புடவை கருத்துவிடும் என்று அக்காவை ஜீப்பின் முன்சீட்டிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். தலையில் வெள்ளை வலை, கையில் பூச்செண்டு, முழங்கை வரை வெள்ளைக் கையுறை. ஒரு வாய் தேநீர்கூட யாரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

பகல் இரண்டாவது பந்தி நடக்கும்போது பாட்டு இழுத்தது. குரல் தடித்து, எருமை கனைப்பதுபோல் ஆகி, நின்றுவிட்டது. பழைய லாரி பேட்டரி அவ்வளவுதான் தாங்கியது. பந்தலிலிருந்து, "ஏலே, என்னாச்சி?" என்று குரல்கள். சாம்பார் வாளியோடு மாமா ஓடிவருவது தெரிந்தது. அவர் பாதி வழி வருவதற்குள் பாட்டு மறுபடி கிளம்பியது, முன்னைவிடக் கணீரென்று. மாமா அப்படியே நின்று சிரித்தார்.

"காண்டாக்ட்டு லூசாயிருக்கும். தானா சரியாயிட்டு பாத்தியா?" என்று கத்திவிட்டு வாளியோடு திரும்பினார்.

அக்கா முன்னால் குனிந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பூச்செண்டு காலடியில் விழுந்துவிட்டது போலிருக்கிறது, எடுக்கிறாள் என்று நினைத்தேன். பூச்செண்டு சீட்டின்மேல்தான் இருந்தது.

"தம்பி, இந்தப் பாட்டையே திருப்பிப் போடு" என்றாள்.

போட்டேன். முடிந்ததும், "இன்னொரு தடவை" என்றாள். அதற்குப் பிறகும் கேட்டாள். ஒரே கீர்த்தனையை ஒன்பது தடவை போட்டேன். இவ்வளவு பக்தி அவளுக்கு எப்போது வந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பெண்கள் பந்திக்கு அம்மா வந்து கூப்பிட்டபோது பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். பாட்டு மறுபடி இழுக்க ஆரம்பித்து, இந்த முறை நின்றே போயிற்று. பாட்டு முடிந்தது, இனிப் புறப்பட வேண்டியதுதான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

மாமா ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட்டரை மிதித்தார். 'டொக்' என்று ஒரு சத்தம். மறுபடி மிதித்தார். அந்த 'டொக்'கும் இல்லை. இன்ஜினைச் சுற்றும் இரும்புக் கம்பியை முன்னால் செருகி ஆள் மாற்றி ஆள் சுற்றினார்கள். இன்ஜின் தும்மக்கூட இல்லை.

மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய அக்கா புருஷர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ரெண்டு பேட்டரி வச்ச ஜீப்புன்னு சொன்னாங்களே, அது இதுதானா, இல்ல வேற வருதா?" என்று கேட்டார். அவர்கள் பக்கத்தில் ஒரே சிரிப்பு.

"ஒரு பேட்டரி பாட்டுக்கு, ஒரு பேட்டரி பாக்குறதுக்கு, அண்ணாச்சி" என்று இன்னொருவர் எடுத்துக்கொடுத்தார்.

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. மாமாவின் பக்கம் திரும்பினார். "மாப்பிள, என் மானத்தை வாங்கிப்புட்டியே. மூணாம் நாளு ஆபீசுல சேரணும்னு அவரு லீவு கணக்கு வச்சிருக்காரு. இந்த ரயிலை விட்டா என்னத்தச் சொல்லுவேன்?" என்றார்.

மாமா டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். நானும் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். பிடி கீழே இருந்தது. குனிந்த நிலையிலேயே மாமா தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தார். அவள் வலது கையை இடது கையால் மூடிக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள். விரல்களுக்கு இடையில் வெள்ளைக் கையுறையில் கறுப்பாக ஒரு கறை தெரிந்தது.

மாமா பிடியை மெல்ல மேலே தள்ளினார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"தொடச்சிக்க மக்களே" என்றார், எங்கள் இருவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

பிறகு இறங்கி அப்பாவின் முன்னால் போய் நின்றார். "என் புத்திதான் அத்தான். பிடியை மேல தள்ள மறந்துட்டேன்."

"மறந்தியா! ஊருக்கெல்லாம் பாடம் நடத்துன, நீ மறந்தியா?"

"ஆமா, அத்தான்."

மாமா மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் பிடியை மேலே தள்ளியதை நான் பார்த்திருந்தேன். ஆனால் பெரியவர் ஒருவர் மறந்தேன் என்று சொல்லும்போது இல்லை என்று சொல்வது மரியாதை இல்லை என்றும் எனக்குத் தெரியும்.

இரண்டு ஜோடி மாடு பூட்டினார்கள். பூட்டச் சொன்னதே மாமாதான். பின்னாலிருந்து இருபத்திரண்டு பேர் தள்ளினோம்; என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். போதகர் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். அக்காவோடு படித்த பெண்கள்கூட வந்து கை கொடுத்தார்கள். இரண்டரை மைல் மணலில், வெள்ளைப் புடவையோடு அக்கா முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, ஊரே கூடி ஐலசா போட்டு அவளை வெளியே தள்ளியது. யாருக்கும் முகத்தில் களைப்பில்லை. நல்ல காரியம் ஒன்றைச் செய்கிற சந்தோஷம் எங்களுக்கு.

தார் ரோட்டில் உப்பு ஏற்றிய லாரி ஒன்று வந்தது. மாமா அதன் பேட்டரியிலிருந்து கம்பி இழுத்து ஜீப்பைக் கிளப்பிவிட்டார். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை பின்னால் ஏறும்வரை சற்று இருந்தார். பிறகு யாரையும் பார்க்காமல், "இன்ஜின் ஓடுது. பிடி கீழே" என்று சொல்லிப் பிடியை இழுத்துவிட்டார். ஜீப் போய்விட்டது. ரயில் கிளம்ப நாலு நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்களாம். அப்பா இதைப் பல வருடம் தேவனுடைய கிருபைக்குச் சாட்சியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமாவுக்கு அதன்பிறகு கல்யாண சவாரி வரவில்லை. ஜீப்பை விற்றுவிட்டுத் திருச்செந்தூர் ரோட்டில் ஒரு பட்டறையில் வேலைக்கு இருந்தார். எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவர், "ஓய், பிடி எங்க இருக்கு? மேலயா, கீழயா?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். மாமா சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். சாகிறவரைக்கும் அவர் வேறு எதுவும் சொல்லவில்லை.

அக்கா நாக்பூரிலிருந்து ஊருக்கு வந்தது நான்கு தடவை. நான்காவது தடவை அப்பாவின் அடக்கத்துக்கு. அந்தப் பேச்சை அவளும் எடுத்ததில்லை. அவள் அங்கேயே இறந்துபோனாள். தந்தி வந்து நாங்கள் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பேரன் ஜீப்பின் மூடியைச் சாத்திவிட்டுக் கையைக் கழுவப் போனான். நான் அந்தக் கறுப்புப் பெட்டி இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கையுறையில் கறை இருந்தால் மாப்பிள்ளை வீட்டார் குறை சொல்லுவார்கள், அதற்காகத்தான் மாமா கைக்குட்டை கொடுத்தார் என்று அன்றைக்கு நினைத்தேன்.