லெகாலின் வாய் திறந்த வருஷம்

"வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

எந்த வீட்டு வாசலில் போய் நின்றாலும் உசாய் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு கையில் சின்ன டார்ச், மறு கையில் பல் டாக்டர்கள் வைத்திருக்கும் குட்டிக் கண்ணாடி. தைவானின் கிழக்குக் கரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் எங்கள் ஆமிஸ் பழங்குடி ஊரில் பாக்கு மெல்லாத வாய் என்றால் அது பால்குடிக்கும் வாய்தான். விருந்தாளி வந்தால் பாக்கு, சண்டை தீர்ந்தால் பாக்கு, செத்தவருக்குப் படைப்பதும் பாக்கு. அப்படிப்பட்ட ஊரில் ஐம்பது தாண்டிய பொம்பளை ஒருத்தி வீடு வீடாகப் போய், "ஆ காட்டு, உள்ளே வெள்ளைத் திட்டு இருக்கான்னு பார்க்கணும்" என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

"நாங்க சுண்ணாம்பும் வெத்தலையும்தானே வெச்சுப் போடறோம்? புகையிலையா போடறோம்?" என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுவார்கள்.

"எங்க அண்ணனும் புகையிலை போட்டதில்ல" என்பாள் உசாய். சொல்லிவிட்டு டார்ச்சை அடிப்பாள்.

அவள் அண்ணன் தைபேயில் உயர்ந்த கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவன். மேலே நிற்கும்போது கண் சொக்காமல் இருக்கப் பாக்கு மென்றான். கன்னத்துக்குள் புண் வந்தபோது பல் குத்தியிருக்கும் என்று விட்டுவிட்டான். அது புற்று. ஊருக்குத் திரும்பி வரும்போது அவனுக்குப் பாதித் தாடைதான் இருந்தது. மூக்கில் போட்ட குழாய் வழியாக உசாய்தான் அவனுக்குக் கஞ்சி ஊற்றினாள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. அவனைப் புதைத்த பிறகு, சுகாதார நிலையத்து நர்ஸ் யுன், வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூட்டி வர ஊர்க்காரி ஒருத்தி வேண்டும் என்று கேட்டபோது, உசாய் யோசிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தவளுக்குப் பாக்கு நீட்டாமல் இருக்க எங்கள் ஆட்களால் முடியாது. நீட்டியதை வாங்காமல் இருந்தால் அவமானம். அதனால் உசாய் இரண்டு கையாலும் வாங்கி, கும்பிடாத குறையாக நன்றி சொல்லி, மேலங்கிப் பையில் போட்டுக்கொள்வாள். சாயங்காலம் பை புடைத்திருக்கும். அத்தனையையும் கடலில் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போவாள். "இந்தப் பக்கத்து மீனெல்லாம் செக்கச்செவேல்னு துப்புதாம்" என்று ஊரில் அவளைக் கேலி செய்வார்கள்.

அப்படி எல்லா வீட்டு வாசலையும் மிதித்தவள் ஒரு வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அது லெகாலின் வீடு.

லெகால் எங்கள் ஊர்ப் பாடகன். அறுவடைத் திருவிழாவில் ஆண்கள் கைகோத்து வட்டமாக ஆடும்போது, ஒருவன் தலையை நிமிர்த்தி முதல் அடியை எடுத்துக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். லெகால் எடுத்துக் கொடுத்தால் கடலில் நிற்கும் படகுக்காரனும் எதிர்க்குரல் கொடுப்பான். அந்தக் குரலை உசாய் பதினெட்டு வயதில் கேட்டுக் கெட்டுப்போனாள். வேறு எப்படிச் சொல்வது?

திருவிழாவின் கடைசி நாள் பெண்களுடையது. ஆண்கள் தோளில் பூவேலைப் பை மாட்டிக்கொண்டு ஆடுவார்கள். பிடித்தவனின் பையில் பெண் பாக்கு போடுவாள். அவனுக்கும் பிடித்திருந்தால் பையையே கழற்றி அவள் கையில் கொடுத்துவிடுவான். அந்த வருஷம் உசாய் போய் லெகாலின் பையில் ஒரு பச்சைப் பாக்கைப் போட்டாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆடிக்கொண்டு போனான். வட்டம் முடிவதற்குள் அரிக் என்கிற பெண்ணிடம் பையைக் கொடுத்துவிட்டான்.

உசாய் தாவ்யுவான் நகரத்தில் துணி ஆலைக்கு வேலைக்குப் போனாள். அங்கே ஒருவனைக் கட்டினாள், அது சரிப்பட்டு வரவில்லை, விட்டுவிட்டாள். அண்ணனைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பியபோது அரிக் இரத்தக் கொதிப்பில் போய்ச் சேர்ந்து சில மாதம் ஆகியிருந்தது. எங்கள் வழக்கப்படி மனைவி வீட்டில் வாழ்ந்த லெகால், தன் தங்கை வீட்டுக்கே திரும்பி வந்திருந்தான்.

துக்கம் இருக்கிறவன் அந்த வருஷத் திருவிழாவில் வட்டத்துக்குள் இறங்கக் கூடாது. லெகால் இறங்கவில்லை. அடுத்த வருஷம் துக்கம் தீர்ந்தது. அப்போதும் அவன் ஓரமாக நின்றான், வாய் திறக்கவில்லை. மூன்றாம் வருஷம் வேலிக்கு வெளியே உட்கார்ந்துவிட்டான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "பொண்டாட்டின்னா அரிக்குதான், புருஷன்னா லெகால்தான்" என்று எங்கள் பெண்கள் உருகினார்கள். தங்கள் புருஷன்மார்களைத் திட்டுவதற்கும் அது வசதியாக இருந்தது.

உசாய்க்கு மட்டும் அந்தப் பேச்சு உள்ளே போய்க் கிள்ளியது. செத்துப்போனவளோடு யாராவது போட்டி போட முடியுமா? பொறாமைப்பட்டாள். பொறாமைப்பட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். அந்த வீட்டு வாசலுக்கு டார்ச்சோடு போய் நின்றால் தன் முகமே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்தாள். யுன் கேட்டபோதெல்லாம், "அது துக்க வீடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டாள். ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி தான் கழுநீர்ப் பானைக்குள் விழுந்த கதைதான்.

மாசி வாக்கில் ஊர்க்கூடத்துக் கூரையைப் பிரித்து மேய்ந்தார்கள். பெரிய வேலை முடிந்தால் எல்லோருமாக ஆற்றில் இறங்கி மீன் பிடித்து, கரையிலேயே சமைத்துச் சாப்பிட்டுத்தான் கலைவது எங்கள் வழக்கம். கல்லைச் சுட்டுப் போட்டுக் கொதிக்கவைத்த மீன் சாறு, பிரம்புக் குருத்து, இலையில் குவித்த ஒட்டரிசிச் சோறு. ஒட்டரிசியை எங்கள் ஆண்கள் கைநிறைய அள்ளி, உருட்டி, ஒரே வாயாகப் போடுவார்கள்.

உசாய் எதிர் வரிசையில் இருந்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே லெகாலைப் பார்த்தாள். அவன் சோற்றை உருட்டவில்லை. குருவிக்குப் போடுகிறவன் மாதிரி கிள்ளிக் கிள்ளி எடுத்து உதட்டுக்குள் தள்ளிக்கொண்டிருந்தான். குருத்தை விரலால் நார் நாராகக் கிழித்தான். பக்கத்திலிருந்தவன் ஏதோ சொல்ல எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். லெகாலும் சிரித்தான், தோள் குலுங்கியது, வாய் மட்டும் விரியவே இல்லை.

அவள் கையிலிருந்த சோறு அப்படியே நின்றது. அண்ணனும் முதலில் இப்படித்தான் கிள்ளித் தின்றான்.

சாப்பாட்டை முடிக்காமலே எழுந்தாள். அவன் தங்கை வீட்டு வாசலில் காத்திருந்து, அவன் வந்ததும் குறுக்கே நின்றாள்.

"என்ன உசாய், வழி மறிக்கற? சுங்கமா கேக்கப்போற?"

"மூணு விரலை ஒண்ணா வெச்சு வாய்க்குள்ள விடு, பார்க்கலாம்."

"குடிச்சிருக்கியா?"

"விடுடா."

"ஊரெல்லாம் பொம்பளைங்க பாக்கு குடுப்பாங்க. நீ ஒருத்திதான் விரலைத் தின்னச் சொல்றவ" என்று அவன் கடந்து போகப் பார்த்தான். அவள் நகரவில்லை.

"அரிக்குக்காகத்தான் பாடலைன்னு ஊரே சொல்லுது. நானும் நம்பினேன். துக்கம் தொண்டையை அடைக்கும், சரி. சோத்தைக் கிள்ளிக் கிள்ளித் தின்ன வைக்குமா?"

லெகால் வாசல் கல்லில் உட்கார்ந்தான். மூன்று விரலைச் சேர்த்து உதட்டருகே கொண்டுபோனான். இரண்டாவது விரலிலேயே நின்றுவிட்டது.

"திறக்கல உசாய்" என்றான். "துக்கம் முடிஞ்ச வருஷம் பாடணும்னுதான் போனேன். மேல் அடிக்கு வாயைத் திறக்கறேன், உள்ள தோல் இழுக்குது, காரம் பட்டா எரியுது. சத்தம் பாதியில நின்னுபோச்சு. பக்கத்துல இருந்தவன் தோளைத் தட்டி, 'பாவம், அரிக் ஞாபகம்'னான். நானும் ஆமான்னுட்டேன்."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"நீ எங்கடி வந்த? எல்லா வீட்டுக்கும் போன. இங்க வரவே இல்ல. வந்தா காட்டலாம்னு இருந்தேன். வராதவரைக்கும் நல்லதுன்னும் இருந்தேன்." அவன் குரல் இறங்கியது. "உங்க அண்ணனுக்கு நான்தானே குழி வெட்டினேன். அந்த மூஞ்சி எனக்கு வேணாம்."

மூன்று வருஷம் அவள் பொறாமைப்பட்டது ஒரு வெள்ளைத் திட்டைப் பார்த்தா? தன் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள, அவன் முகத்தை அல்லவா பணயம் வைத்திருந்தாள்! அழுதுகொண்டே திட்டினாள்.

"அண்ணன் சொல்லாம இருந்து செத்தான். வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும். வியாழக்கிழமை ஊர்க்கூடத்துக்கு டாக்டர் வண்டி வருது. நீ வரலைன்னா, ஊர் நடுவுல நின்னு 'லெகாலுக்கு துக்கமும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, வாய் திறக்காததாலதான் பாடல'ன்னு கத்துவேன்."

"கத்துவ, கத்தக்கூடியவதான்."

வியாழக்கிழமை அவன் கடைசி ஆளாக வந்தான். உதடெல்லாம் சிவப்பு. பயத்தில் வழியெல்லாம் மென்றுகொண்டே வந்திருக்கிறான். பரிசோதனைக்கு வருகிற எங்கள் ஆண்களில் பாதிப்பேர் இப்படித்தான், தைரியத்துக்கு ஒன்று போட்டுக்கொண்டு வருவார்கள். அந்தச் சிவப்புக்குள் எந்தத் திட்டைப் பார்ப்பது? உசாய் ஒரு வாளித் தண்ணீரோடு அவனைக் கூடத்துக்குப் பின்னால் இழுத்துப்போனாள்.

"கொப்பளி."

"போதும்."

"இன்னும். கல்யாண மாப்பிள்ளை மாதிரி வர வேண்டிய இடத்துக்கு, பன்னியை வெட்டினவன் மாதிரி வந்திருக்க."

சிவப்பு வெளுத்து, தண்ணீர் தெளிந்தது. டாக்டர் வெளிச்சம் அடித்தார். உசாய் பக்கத்திலிருந்து பார்த்தாள். இடது கன்னத்துக்குள் பால் ஆடை ஒட்டின மாதிரி ஒரு திட்டு, அதன் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி. டாக்டர் கையுறையைக் கழற்றினார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

சதை எடுத்துச் சோதித்ததில் புற்று ஆரம்பம்தான் என்றார்கள். திட்டை வெட்டி எடுத்தார்கள். தாடையைத் தொடவில்லை. இறுகிப்போன கன்னம் இளக, தட்டையான மரக்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கு நடுவே செருகி வைத்திருக்க வேண்டும். வலி பழகினால் இன்னொரு குச்சி. பாக்கை அடியோடு விட வேண்டும். இதெல்லாம் செய்தாலும் பழையபடி மேல் அடி எடுக்க முடியுமா என்று அவன் கேட்டான். பெரிய டாக்டர், "சாப்பிடலாம், பேசலாம்" என்றார். பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

குச்சிகளை யுன் அட்டைப்பெட்டியோடு கொடுத்தாள். உசாய் தினமும் காலையில் அவன் வாசலுக்குப் போய் ஒன்றைக் கொடுப்பாள், ஒன்று சேர்க்கலாமா வேண்டாமா என்று இருவரும் சண்டை போடுவார்கள். அவன் வாயில் குச்சிக்கட்டோடு வாத்து மாதிரி ஏதோ திட்டுவான். அதைக் கேட்கத்தான் அவள் காலையில் எழுந்தாள் என்று சொன்னால் பொய் இல்லை. ஆனால் அவன் வாசலில் உட்கார்ந்து பார்ப்பது வீட்டின் உள்சுவரில் மாட்டியிருந்த அரிக்கின் படத்தை. அதையும் அவள் பார்த்தாள்.

ஆடியில் திருவிழா வந்தது. நாலாவது வருஷம் லெகால் வட்டத்துக்குள் இறங்கினான். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. முதல் அடியை வேறொருவன் எடுத்தான். லெகால் கூட்டத்தோடு சேர்ந்து வாங்கிப் பாடினான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

கடைசி நாள் சாயங்காலம் பெண்கள் இறங்கினார்கள். உசாயின் மேலங்கிப் பையில் அன்றைக்கு வாங்கிய பாக்குகள் இருந்தன. அதில் ஒன்றை எடுத்தாள். வீடு வீடாகப் போய் 'இதைத் தொடாதே' என்று சொல்கிறவள், மனதைச் சொல்ல வேறு வழி வைக்காத ஊரில் என்ன செய்வாள்? பாக்கைத் திரும்பத் தன் பைக்குள்ளேயே போட்டாள். இன்னொரு பையில் கைவிட்டாள்.

லெகாலின் பின்னால் போய் அவன் தோள் பையில் ஒரு மரக்குச்சியைப் போட்டாள்.

இந்தத் தடவை அவன் நின்றான். பைக்குள் கைவிட்டுத் தடவினான். விரலுக்கு விஷயம் தெரிந்ததும் உதடு விரிந்தது, மூன்று விரல் போகும் அளவுக்கு.

"இன்னும் ஒண்ணா? நேத்துதானே சேர்த்த?"

"தாங்குவ."

அவன் கை பையின் வாரைப் பிடித்தது. வாரைத் தோளிலிருந்து பாதி வரை இறக்கினான். பிறகு அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

"உசாய், இது அரிக் தெச்ச பை. இதை என்னால குடுக்க முடியாது."

"தெரியும்."

"நான் அரிக்குக்குப் பையைக் குடுத்த அன்னிக்கு, உள்ள ரெண்டு பாக்கு கிடந்துச்சு. ஒண்ணு யார் போட்டதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அதை எடுத்து மென்னேன்."

அவள் கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை. "எனக்குப் பை வேணாம். நாளைக்குக் காலைல ஆ காட்டு, போதும்" என்றாள். போதாது என்று இருவருக்கும் தெரியும்.

வட்டம் மறுபடி சுழன்றது. உசாய் பெண்கள் வரிசைக்குத் திரும்பினாள். முதல் அடி எழுந்தது, நூறு ஆண்கள் அதை வாங்கினார்கள். அந்த நூறில் ஒரு குரல் கரகரத்து, பாதியில் உடைந்து, விடாமல் மறுபடி சேர்ந்துகொண்டது. உசாய் அந்த ஒரு குரலை மட்டும் கேட்டுக்கொண்டு, பாட்டு முடிகிறவரை கால் மாற்றி ஆடினாள்.