பின்சக்கரத்துப் பாரம்

அன்று பசறை ஏற்றத்தில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான். ஒன்று, எங்கள் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. மோட்டார் சைக்கிளை ஓட்டினார். இரண்டு, தேயிலை அரைக்கும் ஆலையான ஸ்டோரில் கொழுந்து உருட்டும் ரோலர் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ஆள். சைக்கிளின் பக்கத்தில் பூட்டிய பிரம்புத் தொட்டியில் சாய்ந்து கிடந்தார். மூன்று, நான். தோட்டத்து மாட்டு வண்டிக்காரன். பின்சக்கரத்துக்கு மேலே இருந்த இரும்புத் தட்டில் உட்கார்ந்திருந்தேன்.

பதுளைக்கு ரயில் வந்த மறு வருடம். ஐப்பசி மழை. எங்கள் தோட்டம் லுணுகலைப் பக்கம். காலையில் ரோலரில் அந்த மெஷின்காரருடைய வலது கை மாட்டிக்கொண்டது. தோட்டத்து மருந்துக்கார ஐயா முழங்கைக்கு மேல் துணியை முறுக்கிக் கட்டினார்.

"கட்ட அவுத்தா உசுரு போயிடும். ரொம்ப நேரம் கட்டியே வச்சிருந்தா கை போயிடும். பத்து மணிக்குள்ள பதுளை ஆஸ்பத்திரியில இருக்கணும்" என்றார்.

மாட்டு வண்டியில் போனால் பொழுது சாய்ந்துவிடும். துரை தன் மோட்டார் சைக்கிளை எடுத்தார். வழி எனக்குப் பழக்கம். சேற்றில் மாட்டினால் தள்ள ஒரு பெரிய உடம்பும் வேண்டும். அதனால் என்னையும் ஏறச் சொன்னார்.

அந்தச் சைக்கிளுக்கு ஏழு குதிரை பலம் என்று துரை சொல்வார். நான் நம்பியதில்லை. ஏழு குதிரைக்குப் புல் போடாமல் எப்படி என்று கேட்டுச் சிரித்திருக்கிறேன். ஆனால் அன்று பாதி வழி வரை நன்றாகத்தான் ஓடியது.

பசறைக்கு முன்னால் ஒரு வளைவு. செங்குத்து. மழையில் மேட்டு மண் சரிந்து ரோட்டில் களியாகக் கிடந்தது. இஞ்சின் மூச்சு வாங்கியது. நான் உடனே குதித்து இறங்கினேன். யாரும் சொல்லவில்லை. எங்கள் வழக்கம் அது. ஏற்றத்தில் வண்டிக்காரன் வண்டியில் உட்கார்ந்திருக்க மாட்டான். இறங்கி, மாட்டோடு நடப்பான். இருபது வருடமாக அப்படித்தான் நடந்தேன்.

நான் இறங்கியதும் இஞ்சின் சத்தம் பெரிதானது. சைக்கிள் நகரவில்லை. பின்சக்கரம் களியில் சும்மா சுற்றியது. என் வேட்டி எல்லாம் சேறு.

"இஞ்சின் நல்ல பவர் இருக்கு! ஏன் போறது இல்லே?" என்று துரை கத்தினார்.

"பாரம் ஜாஸ்திங்க தொரை" என்றேன். எனக்குச் சந்தேகமே இல்லை. தட்டில் கட்டியிருந்த சாமான் பெட்டியை இறக்கினேன். பெட்ரோல் டின்னை அவிழ்த்து, பிரம்புத் தொட்டியில் முன்பக்கம், அடிபட்டவர் காலடியில் வைத்தேன். அதுவும் வண்டிக்காரன் புத்திதான். மேட்டில் பாரம் பின்னால் இருந்தால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும். பாரத்தை முன்னால் தள்ளுவோம்.

பிறகு பின்னால் நின்று தள்ளினேன். சக்கரம் முன்னைவிட வேகமாகச் சுற்றியது. சைக்கிள் ஒரு முழம் பின்னால்தான் வந்தது. துரை கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது தாண்டிவிட்டது. கட்டுக்குக் கீழே மெஷின்காரரின் விரல்கள் சாம்பல் நிறமாக இருந்தன.

அப்போது அவர் பேசினார். தொட்டியில் தாழ்வாகக் கிடந்ததால் அவர் கண்ணுக்கு நேராக அந்தச் சக்கரம்தான் இருந்தது.

"அண்ணே, நீங்க எறங்கினதுக்கப்பறந்தான் அது சும்மா சுத்துது."

"பேசாம படு தம்பி. பாரத்தைக் கொறைக்கிறேன்."

"கொறைக்காதீங்க. ஸ்டோர்ல இஞ்சினையும் ரோலரையும் சேக்கிற வாரு தொளதொளன்னு இருந்தா இஞ்சின் ஓடும், ரோலர் ஓடாது. வாரை இறுக்கினாத்தான் பிடிக்கும். மேல பாரம் அமுக்கினாத்தான் சக்கரம் மண்ணைப் பிடிக்கும். நீங்க மேல ஏறுங்க."

"நான் ஏறினா இஞ்சின் செத்துப்போகும்டா."

"சாகாது. ஏழு குதிரை இருக்குல்ல. உங்களச் சொமக்கட்டும்."

வலியிலும் சிரித்தார். துரைக்கு அந்தப் பேச்சு முழுவதும் புரிந்ததா தெரியாது. ஆனால் சக்கரத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார்.

"ஏறு" என்றார்.

மனமில்லாமல்தான் ஏறினேன். இருபது வருட வழக்கத்தை விட்டு, மேட்டில் உட்கார்ந்தேன். பெட்டியையும் டின்னையும் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ரோட்டோரம் கிடந்த ஒரு கல்லையும் துரை தூக்கிக் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டேன். பின்னால் சாய்ந்து உட்கார்ந்தேன்.

துரை மெதுவாக இஞ்சினைக் கூட்டினார். சக்கரம் ஒரு சுற்று வழுக்கியது. அடுத்த சுற்றில் பிடித்தது. நடக்கிற வேகம்தான். இஞ்சின் முனகியது. ஆனால் நிற்கவில்லை. மேட்டு முனைக்கு வந்ததும் கல்லைப் போட்டேன். டின்னையும் பெட்டியையும் அணைத்துக்கொண்டே பதுளை வரை போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் மணி பத்தாகப் பத்து நிமிடம் இருந்தது. இரண்டு விரலை எடுத்தார்கள். கை இருக்கிறது. அந்தக் கையால்தான் இன்றும் வெற்றிலை மடிக்கிறார்.

ஊர் திரும்பியதும் என்னைப் பிடித்து ஸ்டோருக்கு இழுத்துப் போனார்.

"அண்ணே, இளைச்சுடாதீங்க. மறுபடியும் ஆஸ்பத்திரி போக வேண்டி வந்தா?" என்று சொல்லி, தேயிலைப் பெட்டி நிறுக்கும் தராசில் என்னை ஏற்றினார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகும் மாட்டு வண்டி ஓட்டினேன். மேடு வந்தால் இறங்கித்தான் நடந்தேன்; மாட்டுக்கு அதுதான் சரி. ஆனால், தான் இருப்பதே பாரம் என்று யாராவது ஒதுங்கி நிற்பதைப் பார்த்தால், ஒதுங்காதே, எங்கே உட்கார வேண்டும் என்று பார் என்று சொல்கிறேன். அன்று தராசு காட்டிய எடையை நான் மறக்கவில்லை.

நூற்றுத் தொண்ணூற்றாறு றாத்தல்.