காந்தாவே கேட்டாலும்

ஜவ்வாது மலையில் பலாக்கொல்லைக்குப் போய்க் காந்தா வீடு எது என்று கேட்டால், "வீடியோ காந்தாவா?" என்று திருப்பிக் கேட்பார்கள். எட்டாவதோடு படிப்பை விட்டவள், சாமை விதைக்கிறவள். அவள் சாமை குத்துவதையும் புளி உலுக்குவதையும் அறுபதாயிரம் பேர் போனில் பார்க்கிறார்கள். "என் சேனல ஒருத்தனும் தொட முடியாதுங்க" என்று மார்தட்டுவாள். எப்படி என்று கேட்டால் போனைக் காட்டமாட்டாள், மேலே இருக்கும் பாறையைக் காட்டுவாள். பெருமைதான். இருக்கட்டுமே, சும்மாவா வந்தது?

அந்த ஊரில் டவர் கிடைப்பது ஒரே இடத்தில், அந்தப் பாறையோரப் புளியமரத்தடியில். அதனால் ஊர்ப் போன்களெல்லாம் காலையிலேயே மஞ்சப்பைகளில் அந்த மரக்கிளைக்குப் போய்விடும். ஒரு வீடியோ ஏறவே அரை நாள் ஆகும். கொல்லை வேலையை விட்டுவிட்டு யார் அங்கே உட்கார்ந்திருப்பது? பாறையைச் சுற்றி ஆடு மேய்க்கும் கோபால்தான் எல்லாப் போனுக்கும் காவல். மணி அடித்தால் எடுப்பார், சேதியைக் கேட்பார், சரிவைப் பார்த்துக் கூவுவார். அடிக்கிற போனை எடுக்காமல் விடுவது அந்த ஊரில் மரியாதைக் குறைவு.

மூன்று வருஷத்துக்கு முன் அந்த மரியாதைதான் காந்தாவின் குடியைக் கெடுத்தது. யாரோ ஒருவன் கூப்பிட்டு, அவள் போனுக்கு வந்திருக்கும் ஆறு இலக்க எண்ணைப் படிக்கச் சொன்னான். கோபால் நல்ல மனுஷன். நிறுத்தி நிதானமாக இரண்டு தரம் படித்துக் காட்டினார். சாயங்காலம் பார்த்தால் காந்தாவின் சேனல் எவனுடைய பெயரிலோ ஓடிக்கொண்டிருந்தது. நூற்று நாற்பது வீடியோ. மீட்க அலைந்ததெல்லாம் வீண். காந்தா மூன்று நாள் அழுதாள். ஆனால் கோபாலை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். காந்தா சேர்ந்தாள். ஆலங்காயத்துக்கு பஸ் பிடித்து, போன் கடை சசிகலாவிடம் அரை நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பாஸ்வேர்டாக வைத்திருந்த பிறந்த தேதியைத் தூக்கி எறிந்துவிட்டு, நீளமாக ஒன்று போட்டாள். பாஸ்வேர்டு தெரிந்தாலும் போனுக்கு வரும் எண் இல்லாமல் எவனும் நுழைய முடியாதபடி இன்னொரு பூட்டும் போட்டாள். புதுச் சேனல் தொடங்கினாள். பிறகு செய்தாள் பாருங்கள் ஒரு காரியம், அது சசிகலாவுக்கே தோன்றியிருக்காது. மரத்தில் போன் தொங்கவிடுகிற அத்தனை பேரையும் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கற்பூரம் ஏற்றினாள்.

"போன்ல வர்ற நம்பர யார் கேட்டாலும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

"நீ கேட்டா?" என்றார் கோபால்.

"நானே கேட்டாலும் சொல்லாதீங்கண்ணா. நானே வந்து பாத்துக்கறேன்."

ஊர் சிரித்தது. சிரித்துக்கொண்டே கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தது.

போன ஐப்பசியில் ஒரு நாள் காந்தா கொல்லையில் சாமை அறுத்துக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து கோபாலின் குரல் வந்தது.

"காந்தா, கம்பெனில இருந்து பேசறாங்களாம். உன் சேனல் மேல புகார் வந்துக்குதாம். அஞ்சு நிமிஷத்துல மூடிடுவாங்களாம். உன் போனுக்கு வந்த நம்பர கேக்கறாங்க."

காந்தா அறுப்பை விட்டு நிமிர்ந்தாள். மறுபடியுமா? இன்னொரு தரம் முதலிலிருந்தா? சசிகலா சொன்னது, தான் வாங்கிய சத்தியம் எல்லாம் அந்த நொடியில் மறந்துபோனது.

"சொல்லிடுங்கண்ணா, அவங்ககிட்ட சொல்லிடுங்க," என்று கத்தினாள்.

"மாட்டேன்."

"என் பொழப்பு போவுதுண்ணா. சொல்லித் தொலைங்க."

"கற்பூரம் அணைச்சிக்கிறன். மேல வந்து நீயே பாத்துக்க."

அரிவாளும் கையுமாக ஏறினாள். வழியெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினாள். கோபாலின் ஆடுகளிலிருந்து அவருடைய பாட்டன் வரை யாரும் தப்பவில்லை. அவரோ போனை மடியில் கட்டிக்கொண்டு, பாறைமேல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மூச்சிரைக்க வந்து போனைப் பிடுங்கினாள். கூப்பிட்டவன் வைத்துவிட்டிருந்தான். திரையில் எண்ணும், அதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற வரியும் இருந்தன. கூடவே, தெரியாத ஊரிலிருந்து யாரோ உள்ளே நுழையப் பார்க்கிறார்கள், அது நீங்கள்தானா என்று ஒரு கேள்வி. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முந்தாநாள் சிறுதானிய விருது என்று ஒரு லிங்க் வந்தது. அதைத் தட்டி, அங்கே கேட்டார்களே என்று அந்த நீளமான பாஸ்வேர்டைத் தன் கையாலேயே போட்டுக் கொடுத்திருந்தாள்.

'நான் இல்லை' என்பதை அழுத்தினாள். அங்கேயே உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினாள். சேனலைத் திறந்து எண்ணிப் பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு வீடியோவும் அப்படியே இருந்தன.

"இன்னா இன்னாவோ திட்டிட்டேண்ணா," என்றாள்.

கோபால் ஆடுகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அன்னிக்கி நம்பர படிச்சி உன் சேனல தொலைச்சன். நீ ஒரு வார்த்த கேக்கல. மூணு வருஷமா அது உள்ள குத்திகினே இருந்துச்சிமா. இன்னிக்கிதான் திட்டு வாங்கனன். இப்பதான் நல்லா இருக்குது."