முப்பத்தைந்து சதவீதத்தில் நின்ற கணினி

மாமி தொலைபேசியில் அழைத்தபோது மணி ஒன்று ஐம்பது. நேரத்தைக் குறித்துவைப்பது என் பழக்கம். மட்டாஞ்சேரி பஜாரில் ஏழு அலுவலகங்களின் கணினிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். யார் எப்போது கூப்பிட்டார்கள், என்ன சொன்னார்கள், நான் என்ன செய்தேன் என்று ஒவ்வொன்றையும் எழுதிவைக்காவிட்டால் அடுத்த முறை நானே என்னை நம்ப முடியாது.

"சித்தே வந்துட்டுப் போடீ. அது தானா நீலமாயிடுத்து. அணைக்கப்படாதுங்கறது" என்றார் மாமி. குரலில் பதற்றம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மாமி சுக்கு ஏற்றுமதி செய்பவர். பூர்வீகம் பாலக்காடு. தன் அப்பாவுக்குப் பிறகு கிடங்கைத் தானே நடத்துகிறார். தரகர்கள், லாரிக்காரர்கள், சுமை ஏற்றுபவர்கள் எல்லோருக்கும் அவர் மாமிதான். என் பெற்றோர் திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள், எங்களுக்குள் எந்த உறவும் கிடையாது. ஆனாலும் எனக்கும் அவர் மாமி.

பத்து நிமிடத்தில் போய்விட்டேன். வெளியே மழை. கிடங்கின் முன்னறையில் மேசைமேல் கணினி. திரை முழுக்க நீலம், நடுவில் சுற்றும் புள்ளிகள், கீழே ஒரு வரி: அப்டேட் நடக்கிறது, முப்பத்தைந்து சதவீதம், கணினியை அணைக்க வேண்டாம்.

"எத்தனை நேரமா முப்பத்தஞ்சு?"

"உன்னைக் கூப்பிடறச்சே முப்பத்தஞ்சு. இப்பவும் முப்பத்தஞ்சு."

நிலைமையைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சுக்கு ஏற்றிய கண்டெய்னர் காலையிலேயே கிளம்பி, எடை பார்த்து, வல்லார்பாடத்தில் துறைமுக வாசலுக்கு வெளியே வரிசையில் நிற்கிறது. எடைச் சீட்டு மாமிக்கு ஒன்றரை மணிக்கு வந்திருக்கிறது. அந்த எடையைப் படிவத்தில் ஏற்றி, மாமி டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து பதிவானால்தான் வண்டியை உள்ளே விடுவார்கள். ஐந்து மணிக்கு வாசல் மூடிவிடும். கப்பல் இரவே போய்விடும்.

அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டேன். பத்து நாள் என்றார். இந்த மழையில், மூடிய இரும்புப் பெட்டிக்குள், பத்து நாள் சுக்கு. அதற்குமேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பூஞ்சை ஒரு மூட்டையில் பிடித்தால் போதும். போய்ச் சேரும் துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து பார்ப்பவர் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவார். அந்த வருடம் மாமி அனுப்பிய முதல் கண்டெய்னர் அது.

நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. காத்திருப்பது ஒன்று. மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி ஏற்றிப் பார்ப்பது இன்னொன்று. பாதி எழுதிய நிலையில் துண்டித்தால் கணினி எழுந்திருக்காமலே போகலாம். என் குறிப்புகளிலிருந்து எனக்குத் தெரியும், இது போன்ற அப்டேட்டுகள் ஒரு இடத்தில் நெடுநேரம் நின்றுவிட்டுத் திடீரென்று ஓடும். எனவே காத்திருந்தேன். தொழில் தெரிந்தவள் செய்ய வேண்டியது அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு இருபதுக்கு ஒருமுறை மின்விளக்கு மங்கி எரிந்தது. யூபிஎஸ் கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது. அதன் பேட்டரி எட்டு நிமிடம் தாங்கினால் அதிகம். மாமி விளக்கைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் சுமை ஏற்றுபவர்களின் தலைவர் உள்ளே வந்தார். எல்லோரும் மூப்பன் என்று கூப்பிடும் மனிதர். மட்டாஞ்சேரிக்காரர், பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசுவார். திரையைச் சிறிது நேரம் பார்த்தார்.

"மோளே, மெயின் ஸ்விட்ச் ஒண்ணு தாழ்த்தி பொக்கட்டே? ஒக்கே சரியாகும்."

மெயினை ஒருமுறை இறக்கி ஏற்றட்டுமா என்கிறார். வேண்டவே வேண்டாம் என்றேன்.

"பேடிக்கண்டா. தெனம் ராத்திரி நான் தாழ்த்துறதுதானே. காலத்து பொக்கும்போ இது நல்லபடியா வருமே."

"தினமுமா?"

தினமும்தான், இரவில் இறக்கி, காலையில் ஏற்றுவார். மாமி விளக்கினார். என்னைத் தவிர அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. பல வருடங்களுக்கு முன் அடுத்த கிடங்கில் கம்பி உரசித் தீப்பிடித்து, சாக்கும் மரமும் சேர்ந்து விடிய விடிய எரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு இந்த வரிசையில் யாரும் மின்சாரத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. ஆறரைக்குக் கடைசி மூட்டை அடுக்கியதும் மூப்பன் மரப்பலகைமேல் ஏறி நின்று மெயினை இறக்குவார். பிறகுதான் பூட்டு.

நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்தக் கணினியை அமைத்துக் கொடுத்தவள் நான். அமைக்கும் முன் ஒவ்வொரு அலுவலகத்திலும் பதினோரு கேள்விகள் கேட்பேன். அச்சுப்பொறி எது, எத்தனை பேர் தொடுவார்கள், கோப்புகளை எங்கே நகல் எடுக்கிறீர்கள். மாமியிடமும் கேட்டேன். பகலில் வேலை கெடக் கூடாது என்று, காலை எட்டிலிருந்து மாலை ஏழுவரை அப்டேட் செய்யாதே, இரவில் செய்துகொள் என்று அதற்குச் சொல்லிவைத்தேன். இரவில் இங்கே மின்சாரம் இருக்குமா என்பது அந்தப் பதினொன்றில் இல்லை. யார் வீட்டிலும் அலுவலகத்திலும் அதைக் கேட்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அதாவது அந்தக் கணினி மாதக்கணக்காக ஒரு அப்டேட்டைக்கூட முடிக்கவில்லை. பகலில் செய்யாதே என்று நான் சொன்னேன். இரவில் மூப்பன் அதன் மூச்சை நிறுத்தினார். தள்ளிப்போடும் கெடு முடிந்ததும் அது யாரையும் கேட்காமல், சேர்ந்துபோன அத்தனையையும் ஒரு பிற்பகலில் செய்யத் தொடங்கிவிட்டது.

"முன்னாடி ஏதாவது கேட்டுச்சா மாமி? திரையில?"

"தெனம் கேக்கும். இப்பப் பண்ணட்டுமா, அப்பறமாப் பண்ணட்டுமான்னு. நான் அப்பறம்னு சொல்லிடுவேன்." கொஞ்சம் நிறுத்திச் சேர்த்துக்கொண்டார். "தரகன்கிட்டே சொல்றாப்பலதான். நாளைக்கு வாங்கோன்னா புரிஞ்சுண்டு போயிடுவான்."

பஜாரில் யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்பார்கள். நாலு முறை நாளை கேட்ட தரகர் ஐந்தாம் முறை வருவதில்லை. மாமி அந்தக் கணினிக்குப் பல வாரங்களாக, மரியாதையோடு, வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். என் தவறை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மணி இரண்டு நாற்பத்தைந்து.

இரண்டு ஐம்பதுக்குக் காத்திருப்பதை விட்டேன். ஐம்பது நிமிடத்தை வீணாக்கிய பிறகு எடுத்த முடிவு. கையெழுத்து இருப்பது கணினியில் அல்ல, பென்டிரைவ் போன்ற ஒரு சிறு கருவியில். அதை என் மடிக்கணினியில் செருகி, தேவையான மென்பொருளை இறக்கினால் மாமி அங்கிருந்தே கையெழுத்திடலாம். கிடங்கின் சுவர் இரண்டு முழ அகலம். உள்ளே அலைபேசிக்குச் சிக்னல் கிடையாது. தெருவுக்கு எதிரே நின்ற லாரியின் தார்ப்பாய்க்கு அடியில் போய் நின்றேன். மடிக்கணினியை ஒரு காலி மூட்டைக்கட்டின்மேல் வைத்துக்கொண்டேன். மூப்பன் கேட்காமலே வந்து மழைச்சாரல் பக்கம் ஒரு குடையை விரித்துப் பிடித்தார்.

இறங்கி முடிய மூன்று ஐம்பத்தைந்து. இடையில் கண்டெய்னர் ஓட்டுநர் என்னை இரண்டு முறை அழைத்தார். தேனிக்காரர். என் எண்ணை மாமி கொடுத்திருக்கிறார்.

"சிஸ்டர், முன்னாடி நாலு வண்டிதான். எம் முறை வந்து பேப்பர் இல்லைன்னா ஓரமா நிறுத்தச் சொல்லிருவாங்க. அப்புறம் இன்னிக்குக் கதை முடிஞ்சுது."

பின்னால் இருப்பவரை முன்னே விட்டுவிடச் சொன்னேன். அப்படி விட்டால் கடைசிக்குப் போய்விடுவேன் என்றார். போங்கள், ஆனால் வரிசையை விட்டு வெளியே வராதீர்கள் என்றேன்.

உள்ளே வந்து மென்பொருளை நிறுவினேன். நிறுவி முடித்ததும் அது கேட்டது: கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். பொத்தானை அழுத்தப் போனேன். என் மடிக்கணினியும் ஒரு அப்டேட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தது. 'அப்டேட் செய்து மறுதொடக்கம்' மேலே, வெறும் 'மறுதொடக்கம்' கீழே. அன்று போல் ஒரு சொல்லை நான் எழுத்தெழுத்தாகப் படித்ததில்லை. கீழே இருந்ததை அழுத்தினேன். அது எழுந்துவர நான்கு நிமிடம் ஆனது.

நாலு இருபது. எடையை ஏற்றினேன். கருவியைச் செருகினேன். கடவுச்சொல் கேட்டது.

மாமி விரலை வைத்தார். வேகமாக அடித்தார். தவறு என்றது.

மறுபடி அடித்தார். தவறு. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு என்று சிவப்பில் எழுதியது. அதையும் தவறினால் கருவி பூட்டிக்கொள்ளும். புதிதாக வாங்க நாட்கள் ஆகும்.

"மாமி, நிறுத்துங்க. கடவுச்சொல் என்ன?"

"தெரியாது."

"தெரியாம இத்தனை நாள் எப்படி..."

"நான் எழுத்தைப் பாக்கறதேயில்லைடீ. கை போகும். இதுல சாவியெல்லாம் எங்கேயோ இருக்கு." பிறகு மெதுவாக, "எழுதி வெக்கப்படாதுன்னு நீதானே சொன்னே" என்றார்.

ஆம். நான்தான் சொன்னேன். எங்கும் எழுதாதீர்கள், என்னிடமும் சொல்லாதீர்கள். எல்லா அலுவலகத்திலும் சொல்வேன். இவர் ஒருவர்தான் அப்படியே கேட்டு நடந்திருக்கிறார்.

நான் அவர் கைகளைப் பார்த்தேன். மேசை விளிம்பில் இருந்த வலது கை, இல்லாத ஏதோ ஒன்றைத் தேடுவது போல் லேசாக அசைந்தது. மாமியின் கணினி முன்னால் கிடந்த விசைப்பலகை என் கண்ணில் பட்டது. பெரிய சாவிகள், பாதி எழுத்துகள் தேய்ந்துபோனது. அப்டேட் நடக்கும்போது அதைப் பிடுங்கினால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் கை தயங்கியது. அன்று எனக்குத் தெரிந்தவை பலவும் சரியாக வந்திருக்கவில்லை. பிடுங்கினேன். என் மடிக்கணினியில் செருகினேன். முதலில் ஒரு காலிப் பக்கத்தைத் திறந்து அதில் அடிக்கச் சொன்னேன். நான் திரும்பி நின்றுகொண்டேன்.

"ஒவ்வொரு தடவையும் ஒண்ணாவே வருதா பாருங்க."

தட்டும் ஓசை மூன்று முறை கேட்டது. ஒரே தாளம்.

"வரது. அதேதான்."

அந்தப் பக்கத்தை அழித்துவிட்டு, சிவப்பு எழுத்து இருந்த பெட்டிக்குப் போனேன். மாமி கண்ணை மூடிக்கொண்டார். அடித்தார். பெட்டி மறைந்தது. சிறிது நேரம் திரையில் ஒன்றுமே இல்லை. பிறகு பதிவு எண் வந்தது. மணி நாலு முப்பத்தெட்டு.

நாலு ஐம்பத்திரண்டுக்கு ஓட்டுநர் அழைத்தார். உள்ளே போய்விட்டதாகச் சொன்னார். பின்னால் கதவு இழுபடும் ஓசை அலைபேசியில் எனக்கே கேட்டது. மாமி நாற்காலியில் சாய்ந்தார். மூப்பன் வாசலில் நின்று யாரிடமோ, கேறி, கேறி என்று வண்டி உள்ளே ஏறிவிட்டதைச் சொன்னார்.

மாமியின் கணினி அப்டேட்டை எப்போது முடித்தது என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை. ஐந்தேகாலுக்குத் திரும்பியபோது அது உள்நுழையச் சொல்லி அமைதியாக நின்றுகொண்டிருந்தது.

அதன் முன்னால் உட்கார்ந்துதான் சொன்னேன். இரவில் செய்துகொள் என்று வைத்தது நான், இரவில் இங்கே மின்சாரம் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாததும் நான். இரண்டரை மணிக்கே புரிந்துவிட்டது, ஆனாலும் மறைத்தேன் என்பதையும் சொன்னேன். அது தேவையில்லாமல்கூட இருந்திருக்கலாம். ஆனால் பாதியைச் சொல்லி நிறுத்த முடியவில்லை.

மாமி புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நானும்தான் தெனம் நாளைக்குன்னேன்" என்றார்.

நான் தலையாட்டினேன். ஆறுதல் என்று எடுத்துக்கொள்ளப் போனேன்.

"லாரி திரும்பி வந்திருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். தெரிஞ்சுக்கோ."

"தெரியும் மாமி."

"மூப்பன் ஆறரைக்கு இறக்கறதை நான் மாத்தப்போறதில்லை. அதையும் தெரிஞ்சுக்கோ."

வாரத்தில் ஒரு நாள், சுக்கு உலர்த்தும் வேலை நடக்கும் மதிய நேரத்தில், நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அப்டேட் செய்துவிட்டுப் போகிறேன் என்றேன். எந்த நாள் என்று கேட்டார். புதன் என்றேன். புதனன்று ஏற்றுமதி உண்டா என்று அவர் நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு வியாழன் என்று திருத்தினார்.