பத்து எண்ணும் கை

மழை விட்ட காலையில், பத்திரிகைக்கு மழைச் சேதச் செய்தி சேகரிக்கக் கோட்டாறு புகையிலைக் கிடங்குக்குப் போனேன். காவலாளியின் வலக்கை மட்டும் முழங்கைவரை கறைபிடித்துக் கறுத்திருந்தது. இலைகளைக் கட்டிவைத்த சிப்ப அடுக்கின் நடுவே கையை விட்டுத்தான் அவர் சூடு பார்ப்பார்.

“இலைக்குப் பதம் வர சூடு வேணும், சாரே. ஈரம் கூடினா உள்ள கருகிரும். பத்து எண்ணுதவரை கை தாங்கணும்.”

கூரை ஒழுகி நனைந்த அடுக்குக்குள் கையை விட்டார். நான்கு எண்ணியதுமே இழுத்துக்கொண்டார். விரல்களிலிருந்து இலை கரித்தூளாக உதிர்ந்தது.

“ஏட்டி, பிள்ளையத் தூக்கிட்டு வெளிய ஓடு!” என்று பின்சுவரைத் தட்டிக் கத்தினார். உடனே அடுக்கின் மேலேறிச் சிப்பங்களைப் பிரித்து எறிந்தார்.

“முதலாளி வரட்டுமே,” என்றேன்.

“அவரு வீடு ராஜாக்கமங்கலத்துல. எனக்க வீடு இந்தச் செவருக்கு அந்தப்பக்கம்லா.”

கருகல் வாடை ஏறியது. நான் வாசலுக்கு நகர்ந்துவிட்டேன். குழந்தையின் அழுகை தெருவுக்கு வந்தபிறகும் அவர் இறங்கவில்லை.